இறங்காமல் கடக்கும் நிலையம்

பிற ஊரைப் பார்த்து எழுதும் பயணக் கதைகள் எப்படிப் பிறக்கின்றன? எழுதப்பட்ட ஊரை அவை என்ன செய்கின்றன? கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

காலை ஏழரை மணி. சாலாக் செலாத்தான் கொமுட்டர் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். தெற்கிலிருந்து பத்துமலை ரயில் வருகிறது. முந்தைய நிலையம் பண்டார் தாசேக் செலாத்தான். சிங்கப்பூரிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் வரும் நெடுந்தூரப் பேருந்துகள் அங்கேதான் வந்து சேர்கின்றன. அதனால் பெட்டிக்குள் தூக்கம் கலையாத முகங்களோடு முதுகுப்பைப் பயணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கைபேசித் திரையில் பத்துமலை முருகனும் வண்ணம் பூசிய 272 படிகளும். கதவு திறக்கிறது. உள்ளூர்க்காரர்கள் ஏறுகிறார்கள். பயணிகளில் ஒருவரும் இறங்கவில்லை. செபுத்தே, மிட் வேலி, கேஎல் சென்ட்ரல் என்று ரயில் போய்விடுகிறது.

அந்தப் பெட்டியில் இருந்தவர்களில் சிலர் அன்றிரவே தங்கள் பயணக் கதையை எழுதத் தொடங்குவார்கள். அதில் பத்துமலை இருக்கும்; சாலாக் இருக்காது. எழுத வருபவர்கள் பெருகும் காலம் இது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம் என்றானது. 2026ஆம் ஆண்டை மலேசியா தன் வருகை ஆண்டாக அறிவித்திருக்கிறது. திருச்சியில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் கோலாலம்பூர். வந்து போனவர் ஒவ்வொருவரிடமும் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

பயணக் கதையும் வழிகாட்டிக் குறிப்பும் வேறு வேறு. எந்த ரயிலில் ஏற வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதைக் குறிப்பு சொல்லும். அடுத்த ஆண்டே அது பழசாகிவிடும். பயணக் கதையில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் ஓர் ஊருக்குள் நுழைகிறார், எதையோ தவறாகப் புரிந்துகொள்கிறார், யாரோ திருத்துகிறார், போனபோது இருந்ததைவிடச் சற்று வேறு ஆளாகத் திரும்புகிறார். அந்த மாற்றம்தான் கதை. அது நிகழ வேண்டுமானால் அவர் எங்காவது இறங்கியிருக்க வேண்டும்.

நாகூர் வழி வந்த முன்ஷி

மலாய் மொழியில் 'நான்' என்று தன்னை முன்வைத்துப் பயணம் எழுதிய முன்னோடி, தமிழ் இரத்தமும் கலந்த ஒருவர். அப்துல்லா பின் அப்துல் காதிர், மலாக்காவில் பிறந்தவர். யேமனிலிருந்து வந்த அவருடைய பூட்டனார் நாகூரில் மணம் முடித்துத் தங்கியவர். நல்ல நிலையில் இருந்த குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படிப்பது அன்றைய மலாக்காவின் வழக்கம் என்று அப்துல்லா தன்வரலாற்று நூலில் சொல்கிறார். அவரும் படித்தார். ஸ்டாம்போர்ட் ராபிள்ஸிடம் எழுத்தராகவும், ஆங்கிலேயருக்கு மலாய் கற்பிக்கும் முன்ஷியாகவும் இருந்தார்.

1838இல் கிளந்தானில் அரச குடும்பத்தாரிடையே போர். சிங்கப்பூர் வணிகர்களின் படகுகள் அங்கே சிக்கிக்கொண்டன. ஆளுநரின் கடிதத்தோடு புறப்பட்ட குழுவில் மொழிபெயர்ப்பாளராக அப்துல்லா போனார். கிழக்குக் கரையோரமாகப் பஹாங், திரங்கானு, கிளந்தான் என்று பாய்மரக் கலத்தில் சென்ற அந்தப் பயணத்தைத் திரும்பி வந்ததும் நூலாக்கினார்.

அதுவரை மலாய் ஏடுகளில் கடல் கடந்தவர்கள் அரசர்களும் வீரர்களும். இங்கே கடிதம் சுமக்கும் ஓர் எழுத்தர், கடற்கொள்ளையருக்குப் பயந்துகொண்டு, கரை இறங்கிய இடத்திலெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டு போகிறார். பஹாங்கின் மண் வளமானது, மக்கள் ஏன் இப்படி ஏழைகளாக இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார். நல்ல வீடு கட்டினால், நாலு பொருள் சேர்த்தால், ஆள்வோர் பிடுங்கிக்கொள்வார்கள்; பிறகு எதற்காக உழைப்பது என்ற பதில் வருகிறது. பார்த்தது, கேட்டது, அதிலிருந்து தனக்குத் தோன்றியது ஆகிய மூன்றையும் அவர் தனித்தனியாகக் காட்டுகிறார். இன்றைக்கும் பயணம் எழுதுகிறவர் அவரிடம் கற்க வேண்டிய முதல் பாடம் இது.

அவருடைய குறையும் அதே நூலில் இருக்கிறது. போன இடத்தையெல்லாம் ஆங்கிலேயர் ஆண்ட சிங்கப்பூரோடு ஒப்பிட்டே அளந்தார். தெருவின் அழுக்கும் சந்தையின் ஒழுங்கின்மையும் கண்ணில் பட்ட அளவுக்கு, அந்த மக்கள் தமக்குள் வைத்திருந்த ஒழுங்குகள் படவில்லை. பின்னாளைய மலாய்த் திறனாய்வாளர்கள் அவரை வெள்ளைக்காரரின் கண்ணால் பார்த்தவர் என்று கடிந்ததற்கு இதுவே காரணம். எந்த ஊரிலிருந்து புறப்பட்டாரோ அந்த ஊரே பயணியின் அளவுகோலாகிவிடுகிறது. 1854இல் ஹஜ் பயணம் புறப்பட்ட அப்துல்லா அதையும் எழுதிக்கொண்டே போனார். அந்தப் பயணத்திலேயே இறந்தார். கையெழுத்துப்படி பிறகு அச்சேறியது.

> பெட்டிச் செய்தி: ஆற்றுப்படை
> பயணத்தைச் சொந்த அனுபவமாகச் சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை முருகனிடம் வழிகாட்டுகிறது. மற்ற நான்கிலும் வள்ளலைக் கண்டு பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரே வறுமையோடு வரும் இன்னொருவருக்கு வழி சொல்கிறார்: எந்த நிலத்தில் எந்த மக்கள், என்ன சோறு போடுவார்கள், எங்கே வழுக்கும், எங்கே விலங்கு வரும். நன்னன் என்ற மன்னனைப் பாடும் மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு மலைப்பாதையின் ஓசைகளைக் கூடப் பதிவு செய்கிறது. அடுத்து வருபவருக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணமே அந்த வடிவத்தின் உயிர்.

ஒரே சிலாங்கூர், இரண்டு புத்தகங்கள்

1879இன் தொடக்கத்தில் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கிள்ளானுக்கு வந்தார். அப்போது சிலாங்கூரின் தலைநகர் கிள்ளான். அடுத்த ஆண்டுதான் நிர்வாகம் கோலாலம்பூருக்கு மாறியது. ஆங்கிலேய ரெசிடெண்ட் புளூம்பீல்ட் டக்ளஸ் அவரை விருந்தினராக ஏற்றார். அரசுப் படகில் லங்காட் போய் சுல்தான் அப்துல் சமாட்டையும் கண்டார். கிள்ளான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆளில்லாத வீடுகளோடு தேய்ந்துகொண்டிருக்கும் ஊராகவே அது அவர் பக்கங்களில் வருகிறது. பேராக்கின் கோலகங்சாரில் ரெசிடெண்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு குரங்குகளோடு உட்கார்ந்து உண்ட காட்சிதான் வாசகர் நெஞ்சில் நின்றது. மலாய் மாநிலங்களில் அவர் இருந்தது சில வாரங்கள். தங்கைக்கு எழுதிய கடிதங்களே 1883இல் 'பொன் தீபகற்பம்' என்று பொருள்படும் தலைப்பில் நூலாயின. பெரும் புகழும் வந்தது.

இரண்டு ஆண்டுகளில் ஒரு மறுப்பு வந்தது. எமிலி இன்னஸ், லங்காட்டில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவரின் மனைவி. நீபோங் மரமும் ஓலையும் கொண்ட வீடு, கொசு, காய்ச்சல், பேச்சுத்துணை இல்லாத நாள்கள் என்று ஆண்டுக் கணக்கில் அங்கே வாழ்ந்தவர். 1878இல் பங்கோர் தீவில் ஆங்கிலேய அதிகாரி கேப்டன் லாயிட் கொல்லப்பட்ட இரவில் அதே வீட்டில் விருந்தினராக இருந்து, காயத்தோடு உயிர் தப்பியவர். 1885இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு, அதே தீபகற்பத்தைப் பொன்முலாம் உரிந்த நிலையில் காட்டுவதாகச் சொன்னது.

இன்னஸ் பேர்டைப் பொய் சொன்னவர் என்று சாடவில்லை. அவர் எழுதியதும் உண்மை, தான் எழுதியதும் உண்மை. இருவரும் இந்த நாட்டைப் பார்த்த நிலைமைகள்தாம் வேறு என்றார். பேர்ட் புகழ்பெற்ற எழுத்தாளர். அவர் வருகிறார் என்றால் அதிகாரிகள் நல்ல படகும் நல்ல உணவும் ஏற்பாடு செய்தார்கள். இன்னஸுக்கு அப்படி யாரும் செய்யவில்லை. பயண எழுத்தைப் பற்றிக் கிள்ளான் வட்டாரத்திலிருந்து கிளம்பிய மிகக் கூர்மையான கருத்து இது. ஓர் ஊரைப் பற்றி எழுதுகிறவரை அந்த ஊர் எப்படி வரவேற்றது என்பதும் கதையின் ஒரு பகுதி. சுற்றுலாத் துறையோ விமான நிறுவனமோ அழைத்துவந்த பயணத்தை எழுதுபவர் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது வாசகருக்குச் செய்யும் நியாயம்.

இந்த இரண்டு நூல்களிலும் ஒரு வெற்றிடம் உண்டு. அந்த ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழர்கள் இவற்றில் கூலிகளாகவும் வேலையாள்களாகவும் ஓரத்தில் வந்து போகிறார்கள். அவர்களும் பயணம் செய்தவர்களே. வங்கக் கடலைக் கடந்து, கேட்டறியாத மொழிகளுக்கு நடுவே வந்து இறங்கிய அந்த அனுபவம், பேர்டின் சில வாரங்களைவிட எத்தனையோ மடங்கு பெரிது. அதை எழுதிவைக்கத் தாளும் ஓய்வும் எழுத்தும் இருந்தவர்கள் அவர்களில் மிகச் சிலர். 1942-43இல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோன தோட்டத் தமிழர்களுக்கும் இதுதான் நேர்ந்தது. 415 கிலோமீட்டர் பாதை. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தப் பயணத்துக்குத் தமிழில் உருவம் கொடுத்தன.

தமிழ்நாட்டிலிருந்து வந்த கண்கள்

நவீனத் தமிழில் பயண எழுத்துக்கு நடை அமைத்துக் கொடுத்தவர் ஏ.கே.செட்டியார். 1911இல் கோட்டையூரில் பிறந்து, ரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தி, காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தவர். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவருடைய நூலின் பெயர் அவருக்கே பட்டப்பெயரானது. 'மலேயா முதல் கனடா வரை' என்று இன்னொரு நூலும் எழுதினார். சிறு வாக்கியம், அடங்கிய குரல், தன்னைப் பற்றி மிகக் குறைவான பேச்சு. இத்தனை நாடுகளைப் பார்த்தேன் என்ற பெருமிதத்தை அவர் பக்கங்களில் காண்பது அரிது. 'குமரி மலர்' இதழில் தன் எழுத்தைவிடப் பிறர் எழுதிய பழைய கட்டுரைகளைத் தேடி மீட்பதில் அதிக உழைப்பைச் செலவிட்டார். இன்று தன் படத்தையே ஒவ்வொரு காட்சியின் முன்னாலும் வைக்கிறவர்கள் செட்டியாரை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

வார இதழ்கள் இந்த வகையைப் பெருக்கின. ஆனந்த விகடனில் மணியன் எழுதிய 'இதயம் பேசுகிறது' பயணத் தொடரின் வாசகச் செல்வாக்கு, பின்னால் அதே பெயரில் அவர் ஒரு வார இதழையே தொடங்கும் அளவுக்கு இருந்தது. மலேசியாவுக்கு வந்துபோன நாவலாசிரியர்களிடம் பயணம் புனைகதையாகவும் மாறியது. அகிலனின் மலேசியப் பயணத்திலிருந்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய 'பால்மரக் காட்டினிலே' பிறந்தது. 1971இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நா.பார்த்தசாரதியின் 'சமுதாய வீதி'யில் ஒரு நாடகக் குழு மலேசியாவுக்குப் பயணம் போகிறது.

இவற்றின் விளைவு நீண்டது. தமிழ்நாட்டு வாசகரின் மனத்தில் மலேசியத் தமிழர் என்றால் பால்மரமும் லயன் வீடும் கண்ணீரும் என்று ஒரு படம் பதிந்துவிட்டது. அந்தப் படம் எழுதப்பட்ட நாளில் உண்மை. ஆனால் ஊர் அதோடு நின்றுவிடவில்லை. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. தோட்டத்துப் பிள்ளைகள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். லாரி ஓட்டுநர், தாதியர், வழக்கறிஞர், பேராசிரியர் ஆனார்கள். சிலர் எதுவும் கிடைக்காமல் நகரத்தின் விளிம்பில் நின்றார்கள். அந்த விளிம்பை இங்கிருப்பவர்களே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ம.நவீனின் 'சிகண்டி' நாவல் கோலாலம்பூரின் சௌகிட் பகுதியில் நடக்கிறது. அதில் ரப்பர் மரத்தின் நிழல் இல்லை. வந்துபோகிறவர் இன்னும் பழைய படத்தோடு ஒத்துப்போகும் காட்சியையே தேடினால், கண்முன் இருப்பவர் மறைந்துபோகிறார்.

> பெட்டிச் செய்தி: பெரும் போர் என்ற தோட்டம்
> புத்ராஜெயாவுக்குப் போகிற எல்லாருடைய பயணக் கதையிலும் ஏரிக்கரை மசூதியின் இளஞ்சிவப்பு உண்டு. அந்த நிர்வாகத் தலைநகர் எழுந்த இடம் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஆங்கிலேயர் 1921இல் தொடங்கிய தோட்டம் என்பதால் 'பெரும் போர்' என்று பொருள்படும் மலாய்ப் பெயர். 1990களில் நகரம் எழுந்தபோது அங்கும் அடுத்திருந்த தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் பகுதியில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன.

வருபவருக்காக மாறிய தெரு

எழுதப்படும் ஊர் எழுத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதும் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் அதற்குக் கண்கண்ட சாட்சி.

1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் ஓலையும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று நிர்வாகம் சொன்னது. செங்கல் அறுத்த களம்தான் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளத்தில் உழைத்த தமிழர்கள், அலுவலகத்தில் எழுதிய யாழ்ப்பாணத்தார், சிங்களவர், சீனர், மலையாளிகள் என்று தெருவுக்குத் தெரு ஒரு குடியிருப்பு. 1894இல் தொடங்கிய சிங்களப் பௌத்த விகாரை, 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமம், நல்லூரை நினைத்துக் கட்டிய ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில், தமிழ் லுத்தரன் தேவாலயம் எல்லாம் நடக்கும் தூரத்தில். பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான். வெள்ளைத் தடியின் தட்டல் ஓசை பிரிக்பீல்ட்ஸ் தெருவின் அன்றாடம்.

2010 அக்டோபர் 27 அன்று இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் இந்தப் பகுதியை லிட்டில் இந்தியாவாகத் தொடங்கிவைத்தார்கள். வளைவுகளும் யானை நீரூற்றும் வண்ணமும் வந்தன. 2015இல் சாஞ்சித் தூபியின் வாயிலை மாதிரியாகக் கொண்ட தோரண வாயில், இந்திய அரசின் அன்பளிப்பாகத் திறக்கப்பட்டது. அந்த இரண்டு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், நூறு குவாட்டர்ஸ் என்று அழைக்கப்பட்ட பழைய ரயில்வே குடியிருப்பு இடிக்கப்பட்டது. வருபவர் 'இந்தியா' என்று அடையாளம் காணக்கூடிய ஒன்று உயர்ந்து நிற்கிறது. இந்தத் தெருவைத் தெருவாக்கிய ரயில்வே குடும்பங்களின் வீடுகள் இல்லை. இதில் வருந்த நிறைய இருக்கிறது. வாயிலைப் படம் எடுக்கும் பயணி அந்த வீடுகளைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அது பெரிய காரியம்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவரைச் சீனரும் மலாய்க்காரரும்கூட 'அண்ணே' என்றே கூப்பிடுகிறார்கள். ஒரு தமிழ் உறவுச் சொல் நாட்டுக்கே பொதுவாகிப்போன கதை அந்த ஒரு கூப்பாட்டில் இருக்கிறது. நினைவுச் சின்னங்களைவிட இப்படிப்பட்ட செய்திதான் பயணக் கதைக்கு உயிர் தரும். அதைக் கேட்க நாற்காலியில் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும்.

தைப்பூசம் இதைவிடக் கடினமான சோதனை. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் பத்துமலையில் கோயில் உருவானது. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. அயல்நாட்டார் எழுத்தில் அது பெரும்பாலும் அலகிலும் வேலிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. காவடி எடுப்பவர் அதற்கு முன் காத்த விரதம், அவருடைய வேண்டுதல், மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதத்தோடு இரவெல்லாம் நடந்தவர்கள், தண்ணீர்ப் பந்தலில் நின்றவர்கள், காவடி எடுக்கும் சீனர்கள், மறுநாள் குப்பை அள்ளியவர்கள் என எதுவும் அதில் வருவதில்லை. அருள் வந்து நிற்கும் ஒருவரின் முகத்தைக் கேட்காமல் நெருங்கிப் படமெடுத்து ஊருக்குக் காட்டுவது சரியா என்ற கேள்வியையும் எழுதுபவர் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். காவடி எடுத்தவர் படியிறங்கிப் போன பிறகும் அந்தப் படம் இருக்கும்.

'ஊரு'க்குப் போனவர்கள்

தோட்டத்தில் வளர்ந்த முதியவர்கள் 'ஊருக்குப் போறேன்' என்றால் அது தமிழ்நாடு. வாழ்வது பந்திங்கிலோ காப்பாரிலோ ஆனாலும், 'ஊர்' கடலுக்கு அப்பால். அந்தச் சொல்லே ஒரு பயணக் கதை. பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊர் ஓர் அயல்நாடு. விசா வாங்கிக்கொண்டு போக வேண்டிய இடம். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடம் எழுதப்படக் காத்திருக்கும் மிகச் செழுமையான பயணக் கதை, தாத்தா பிறந்த கிராமத்துக்கு முதல்முறையாகப் போகும் கதைதான்.

> பெட்டிச் செய்தி: ரஜூலா
> 1926இல் கட்டப்பட்ட எஸ்.எஸ்.ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற வழியில் 1973 வரை ஓடியது. தொடக்கத்தில் 5,000க்கு மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றும் கப்பல் அது. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. ரஜூலாவுக்குப் பின் வந்த எம்.வி.சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் பயணிகள் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

தமிழ்நாட்டில் இறங்கியதும் என்ன நடக்கிறது? மொழி ஒன்றுதான் என்று நம்பிப் போகிறவர் முதல் நாளே தடுக்கி விழுகிறார். 'பசியாறிட்டீங்களா?' என்று காலையில் கேட்டால் தமிழ்நாட்டில் பலருக்கு அது காலை உணவைக் குறிக்கிறது என்று பிடிபடாது. பணத்தை 'வெள்ளி' என்றால் நகைக்கடைக்கு வழி காட்டுவார்கள். ரப்பர் மரத்தைக் 'கித்தா' என்றால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். 'தே ஓ' வேண்டுமென்றால் கடுங்காப்பியா, கட்டன் சாயாவா என்று பேச்சு வளரும். ஒரே மொழிக்குள் இத்தனை கடல் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது.

அடுத்து வருவது இன்னும் கனமானது. கிராமத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் 'யார் வீடு?' அதற்குள் எந்தத் தெரு என்பதும், அதற்குள் சாதியும் இருக்கிறது. பாட்டனார் கப்பலேறியதற்கு வறுமை மட்டும் காரணமல்ல என்று பேரப்பிள்ளை அந்த இடத்தில்தான் உணரக்கூடும். இன்னோரிடத்தில், நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்று சொந்தங்களே தயங்கலாம். அந்தத் தயக்கம் தீர்ந்த பிறகு விடியும்வரை பேசவும் செய்யலாம். இரண்டையும் எழுத வேண்டும். சொந்த மண்ணை முத்தமிட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிடும் கட்டுரையில் இந்தத் தயக்கத்துக்கு இடம் இல்லை. அதனால் அந்த முத்தத்தையும் வாசகர் நம்புவதில்லை.

மலேசியத் தமிழர் பிற நாடுகளைப் பார்த்தும் எழுதியிருக்கிறார்கள். சை.பீர்முகம்மதின் ஆஸ்திரேலியப் பயண நூலுக்குப் பெயர் 'கைதிகள் கண்ட கண்டம்'. தண்டனைக் கைதிகள் குடியேறிய நிலத்தை, ஒப்பந்தக் கூலிகள் குடியேறிய நிலத்தைச் சேர்ந்த ஒருவர் பார்க்கிறார் என்பதே அந்தத் தலைப்புக்கு ஆழம் தருகிறது.

சுற்றுலாக் கட்டுரையிலிருந்து விடுபடுதல்

தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் ஒரு வார்ப்பு கைவசம் உண்டு. சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு புறப்பட்ட நேரம், பேருந்து, வரிசையாகப் பார்த்த இடங்கள், இடையே சாப்பாடு, கடைசியில் மறக்க முடியாத அனுபவம். பிள்ளைகளுக்கு வாக்கியம் பழக அது நல்ல பயிற்சி. பெரியவர்கள் எழுதும்போதும் அந்த வார்ப்பு வந்து உட்கார்ந்துகொள்வதுதான் சிக்கல். ஐந்து நாள் பயணத்தின் எல்லா இடமும் வரிசையாக வந்தால் எதுவும் மனத்தில் தங்காது.

அனுபவமுள்ளவர்கள் பயணத்தின் ஒரே ஒரு கணத்தைப் பிடிக்கிறார்கள்: தவறான பேருந்தில் ஏறியது, ஒரு வீட்டில் மறுக்க முடியாமல் சாப்பிட்டது, கோயில் வாசலில் ஒருவர் கோபித்துக்கொண்டது. மற்றவை அதைச் சுற்றி வந்து நிற்கின்றன. பெயர்களை அந்தந்த நாளே குறித்துவைக்கிறார்கள். விலையையும் வானிலையையும் பேச்சின் சரியான சொல்லையும் குறிக்கிறார்கள், ஏனென்றால் ஒரு வாரத்தில் நினைவு அவற்றைத் தன் வசதிக்கு மாற்றிவிடும். அயல்மொழிச் சொல்லை எழுதினால், காட்சியே பொருளைச் சொல்லும்படி எழுதுகிறார்கள். சொந்தக் கதை சொன்ன சாதாரண மனிதர்களின் பெயரையும் வீட்டையும் மறைத்துவிடுகிறார்கள். அவர்கள் ஒரு பயணியிடம் பேசினார்கள், பத்திரிகையிடம் அல்ல. தன் தவறைத் தவறாமல் எழுதுகிறார்கள். திருத்தப்பட்ட இடத்தில்தான் எழுதுபவரும் ஊரும் ஒன்றையொன்று தொடுகின்றன.

சாலாக் செலாத்தானில் இறங்கினால் என்ன எழுத இருக்கிறது? சாலாக் என்றால் பாம்புச் செதில்போன்ற தோல் கொண்ட பழம். செலாத்தான் என்றால் தெற்கு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரநிலைக் காலத்தில், சிதறி வாழ்ந்த சீனக் குடும்பங்களை வேலிக்குள் கொண்டுவந்து குடியமர்த்திய புதுக்கிராமங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போய்ச் சேராமல் தடுக்க நாடெங்கும் அமைத்த வேலிகளின் வரலாறு அதன் சந்துகளில் தொடங்குகிறது. தமிழ்ப் பயண எழுத்தில் சீனப் புதுக்கிராமங்கள் ஏறத்தாழ இல்லவே இல்லை. தோட்டத் தமிழரும் புதுக்கிராமத்துச் சீனரும் ஒரே அவசரநிலையின் இரு பக்கத்தில் வாழ்ந்தும் இந்த நிலை.

1998 ஜூலையில், காமன்வெல்த் விளையாட்டுகளுக்குச் சற்று முன், ஸ்ரீ பெட்டாலிங் வழித்தட எல்ஆர்டி இலகு ரயில் திறக்கப்பட்டது. அதிலும் சாலாக் செலாத்தான் என்று ஒரு நிலையம் உண்டு. கொமுட்டர் நிலையத்துக்கும் அதற்கும் பெயர் ஒன்று, இடம் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நேராக மாறிக்கொள்ள முடியாது. நிலப்படத்தில் பெயரை மட்டும் பார்த்து இறங்கிய பயணி, வெளியே வந்து, எதிர்ப்படும் கடையில் மலாயிலோ கந்தோனீஸிலோ தமிழிலோ வழி கேட்டுத்தான் போக வேண்டும்.